கதையும் கனவும் ஞானம் தருமா, ஞானத்தின் வேடம் போடுமா?

நெடுவழி

ஒரு கருத்தை முன்வைக்கிறேன். மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

தகவலைச் சேர்க்க ஆய்வும் அளவுகோலும் போதும். ஆனால் சாவை எப்படி எதிர்கொள்வது, கோபத்தை எந்த இடத்தில் நிறுத்துவது, இழந்ததை எப்படி விடுவது போன்ற கேள்விகளுக்கு மனிதர்கள் சேர்த்துவைத்த விடைகள் பெரும்பாலும் தொன்மங்களிலும் நாயகர் கதைகளிலும் கனவுகளிலும்தான் கிடக்கின்றன. தர்க்கம் மட்டும் நம்மை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது என்பது என் கட்சி.

கில்கமெஷ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மெசபடோமியக் களிமண் பலகைகளில் புதைந்து கிடந்து, 1872-ல் ஜார்ஜ் ஸ்மித் அதன் வெள்ளப் பகுதியைப் படித்துச் சொன்ன பிறகு உலகம் மீண்டும் அறிந்த கதை அது. நண்பன் என்கிடு செத்ததும் ஊருக் நகரத்து மன்னன் கில்கமெஷை மரணபயம் பிடித்துக்கொள்கிறது. சாகாவரம் பெற்ற உத்னபிஷ்டிமைத் தேடி உலகத்தின் விளிம்புக்கே போகிறான். அவர் வைக்கும் சோதனை சாதாரணமானது: ஆறு பகலும் ஏழு இரவும் தூங்காமல் இரு, பார்க்கலாம். உட்கார்ந்த கையோடு தூங்கிப்போகிறான். உத்னபிஷ்டிம் தன் மனைவியிடம், "மனிதர்கள் பொய் சொல்வார்கள், இவன் தூங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு ரொட்டி சுட்டுத் தலைமாட்டில் வை, சுவரில் கோடும் போட்டுவை" என்கிறார். ஏழாம் நாள் தொட்டு எழுப்பினால், "இப்போதுதான் கண் அசந்தேன், அதற்குள் எழுப்பிவிட்டீர்களே" என்கிறான் அந்த மாவீரன். அவர் ரொட்டிகளைக் காட்டுகிறார். முதல் ரொட்டி காய்ந்து விறைத்திருக்கிறது. இன்னொன்றில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. கடைசி ரொட்டி இன்னும் தணல்மேல் இருக்கிறது.

தூக்கத்தையே வெல்ல முடியாதவன் சாவை எப்படி வெல்வான் என்று அங்கே யாரும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. நூறு பக்கத் தத்துவம் செய்ய முடியாததைக் காய்ந்த ஒரு ரொட்டி செய்துவிடுகிறது.

கனவுக்கு வருவோம். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே வாழ்ந்த சாக்ரடீஸ், சிறையில் சாவுக்காகக் காத்திருந்த நாட்களில் ஈசாப் கதைகளைச் செய்யுளாக்கிக்கொண்டிருந்தார். "இசை செய்" என்று ஒரு கனவு அவருக்குத் திரும்பத் திரும்ப வந்திருந்தது. தத்துவம்தான் உயர்ந்த இசை என்று அதுவரை எண்ணியிருந்தவர், ஒருவேளை கனவு வெறும் பாட்டைத்தான் சொன்னதோ என்ற ஐயத்தில் அதையும் செய்துவிட்டுப் போக நினைத்தார். அறிவின் பெயரால் உயிரை விட்டவரே கனவை அலட்சியம் செய்யவில்லை. நாம் ஏன் செய்கிறோம்?

உரைகல்

நெடுவழி ஐயா, கதையை அழகாகச் சொன்னீர்கள். அந்த அழகுதான் எனக்குக் கவலை தருகிறது.

கதை எதையும் நிறுவாது, உணரவைக்கும். உணரவைப்பது உண்மையாகவும் இருக்கலாம், பச்சைப் பொய்யாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மனம் ஒரே மாதிரிதான் சிலிர்க்கும். மனிதன் தன்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வான் என்பதும், உடம்பு சொன்னபடி கேட்காது என்பதும் நமக்கு முன்பே தெரியும். அதனால்தான் ரொட்டிக் காட்சி சரியாகப் படுகிறது. நமக்குத் தெரியாத ஒன்றை அது எங்கே சொல்லிக்கொடுத்தது?

சிலிர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு உதாரணம். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. தோல்விக்குப் படைத்தலைமையின் கணக்குகளும் காரணம். ஆனால் தளபதி ஹிண்டன்பர்க் 1920-ல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் என்ன எழுதினார்? ஹாகன் வஞ்சகமாக எறிந்த ஈட்டியால் சீக்ஃபிரீட் வீழ்ந்ததுபோல் எங்கள் போர்முனை வீழ்ந்தது என்று. ஒரு பழைய ஜெர்மானிய வீரகாவியத்திலிருந்து ஒரே ஒரு காட்சி. போர்முனையில் நாம் தோற்கவில்லை, பின்னாலிருந்து குத்தினார்கள் என்ற பொய்க்கு ரத்தமும் சதையும் கிடைத்துவிட்டது. அந்தப் பொய்யை யார் பயன்படுத்திக்கொண்டார்கள், யார்மேல் பழி விழுந்தது, அது எங்கே போய் முடிந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. புள்ளிவிவரம் கொடுத்திருந்தால் யாராவது சரிபார்த்திருப்பார்கள். சீக்ஃபிரீடை யார் சரிபார்ப்பது?

கனவும் அப்படித்தான். பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் கிரேக்கத்தின்மேல் படையெடுக்கவேண்டாம் என்று ஒரு கட்டத்தில் மனம் மாறினான். கனவில் ஒரு உருவம் வந்து மிரட்டியது. படையெடுத்தான். கி.மு. 480-ல் சலாமிஸ் கடலில் அவன் கப்பற்படை சிதறியது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பது இது.

பூங்குழை

உரைகல், செர்க்சஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அடுத்து வருவதுதான் முக்கியம்.

அவனுடைய சித்தப்பா அர்த்தபானஸ் அவனிடம் சொல்கிறார்: கனவில் வருவது தெய்வ வாக்கு ஒன்றுமில்லை, பகலில் எதை நினைத்துக்கொண்டிருந்தோமோ அதுதான் இரவில் அலைகிறது, நாம் இத்தனை நாளும் இந்தப் படையெடுப்பைத்தானே பேசிக்கொண்டிருந்தோம். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது. இன்றைய ஆய்வுக்கூடத்தில் ஒருவர் சொல்லக்கூடிய பேச்சு.

ஆனால் செர்க்சஸ் விடவில்லை. என் உடையை உடுத்து, என் அரியணையில் உட்கார், என் கட்டிலில் படு, உனக்கும் வருகிறதா பார் என்கிறான். படுக்கிறார். அதே உருவம் அவருக்கும் வருகிறது, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கண்ணைப் பொசுக்கப்போவதுபோல் நெருங்குகிறது. அலறி எழுந்து, அவரும் போருக்குச் சம்மதித்துவிடுகிறார்.

அரசனின் உடையைப் போட்டு அரசனின் இருக்கையில் உட்கார்ந்தால் அரசனின் கனவுதான் வரும். எத்தனை தெளிந்த அறிவும் அந்த இடத்தில் வளைந்துபோகும். அதிகாரத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எந்தத் தர்க்க நூல் சொல்லியிருக்கிறது? கனவை நம்பாதே என்பதற்கு நீங்கள் எடுத்த சான்றே கதையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

அடுக்கு

மூளை, தூக்கம் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும் தூக்கக் கட்டத்தை அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் அறிவித்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் தெளிவான கனவுகளைச் சொல்வோர் அதிகம். 1977-ல் ஹாப்சனும் மெக்கார்லியும், மூளைத்தண்டிலிருந்து தாறுமாறாகக் கிளம்பும் தூண்டல்களுக்கு மூளை ஒரு கதை கட்டிக்கொள்கிறது, அதுதான் கனவு என்றார்கள். அதை அப்படியே இன்று எல்லோரும் ஏற்பதில்லை. தூக்கத்தில் நினைவுகள் அடுக்கிவைக்கப்படுகின்றன, பழையதும் புதியதும் ஒன்றோடொன்று இணைகின்றன என்பதற்குச் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன.

2004-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு ஒன்று. எண்களை வைத்து ஒரு கணக்கு கொடுத்தார்கள். அதற்குள் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. இடையில் ஓர் இரவு தூங்கியவர்களில் அந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்தவர்கள், விழித்திருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்புறம் மருந்தியல் ஆய்வாளர் ஒட்டோ லோவி. நரம்பு தன் செய்தியை இதயத்துக்கு மின்சாரமாக அனுப்புகிறதா, வேதிப்பொருளாகவா என்ற கேள்வி இருந்த காலம். ஓர் இரவில் விழித்தெழுந்து ஒரு சோதனையைத் துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. அடுத்த இரவு அதே எண்ணம் திரும்ப வந்தது. இந்த முறை தாளை நம்பாமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது. வேதிப்பொருள்தான் என்று உறுதியாயிற்று. 1936-ல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே கனவைக் குப்பை என்று ஒதுக்குவது அறிவியல் ஆகாது.

உரைகல்

அடுக்கு, நன்றி. இந்த மாதிரிப் பேச்சுதான் எனக்கு வேண்டும். ஆனால் உங்கள் உதாரணங்களே என் பக்கம் நிற்கின்றன.

2004 ஆய்வு தூக்கத்தைப் பற்றியது. அவர்கள் என்ன கனவு கண்டார்கள் என்பது அங்கே அளக்கப்படவில்லை. தூக்கம் நல்லது என்பதிலிருந்து கனவு ஞானம் என்று தாவக்கூடாது.

லோவி அந்தக் கருத்தை 1903-லேயே ஒரு நண்பரிடம் பேசியிருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பல ஆண்டு ஊறிய கேள்வி. கனவு ஒரு யோசனையைக் கையில் கொடுத்தது, அதைச் சரி என்று சொன்னது தவளையின் இதயம். பென்சீன் என்ற வேதிப்பொருளின் வளைய வடிவத்தைப் பற்றி வேதியியலாளர் கெக்குலே சொன்னதும் இதே. தன் வாலைத் தானே கவ்வும் பாம்பைக் கணப்பின் முன் அரைத்தூக்கத்தில் கண்டதாக 1890-ல் பெர்லின் விழாவில் சொன்னார். அந்த நிகழ்வு அப்படியே நடந்ததா என்று வரலாற்றாய்வாளர்கள் சிலருக்கு ஐயம் உண்டு, அதை விடுங்கள். கனவு காணக் கற்போம் என்று சொன்ன அதே மூச்சில், விழித்த அறிவு சோதிக்கும் முன் கனவை வெளியிட்டுவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டாவது பாதி காணாமல் போய்விடுகிறது.

இன்னொன்று. தவறான சோதனைக்குத் துரத்திய கனவுகளை எந்த விழாவில் யார் சொன்னார்கள்? பலிக்காதவை எல்லாம் மறந்துபோய், பலித்தது மட்டும் நிற்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

நெடுவழி

கனவு கொடுத்ததைச் சோதிக்கவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? சோதிக்க முதலில் ஒன்று வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

டெக்கார்த்தை நினைத்துப் பாருங்கள். நவீனப் பகுத்தறிவுச் சிந்தனையின் தந்தை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். 1619 நவம்பர் 10-ம் தேதி இரவு அவருக்கு மூன்று கனவுகள் வந்தன. சுழற்காற்று, இடியோசை, பிறகு மேசைமேல் ஓர் அகராதியும் ஒரு கவிதைத் தொகுப்பும். அறிவுத்துறைகளை எல்லாம் ஒரே அடித்தளத்தில் கட்டவேண்டும் என்ற தன் வாழ்நாள் பணிக்கான அழைப்பாகவே அவற்றை அவர் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஐயப்படு என்று சொன்னவரின் பாதை கனவிலிருந்து கிளம்பியிருக்கிறது.

உரைகல்

கிளம்பிய இடம் எதுவாகவும் இருக்கட்டும். அவர் எழுதிய வாதங்கள் நிற்கின்றனவா விழுகின்றனவா என்று பார்ப்பவர் யாரும் அந்தக் கனவைக் கணக்கில் எடுப்பதில்லை. கனவே வராமல் வயிற்றுவலியால் தூங்காமல் எழுதியிருந்தாலும் வாதத்தின் எடை அதேதான்.

பூங்குழை

நீங்கள் இருவரும் கனவிலேயே நிற்கிறீர்கள். எனக்கு நாயகர்கள் விஷயத்தில் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த இடத்தில் நெடுவழியோடும் முரண்படுகிறேன்.

நாயகன்தான் ஞானத்தைத் தேடிப் போகிறான், பெற்றுத் திரும்புகிறான் என்று ஒரு வரைபடம் உண்டு. தொன்ம ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1949-ல் அதை உலகத்துக்கெல்லாம் பொதுவாகப் போட்டுக் கொடுத்தார். அழைப்பு, பயணம், சோதனை, வரத்தோடு திரும்புதல். அந்த அச்சில் எதையும் பொருத்திவிடலாம், பொருந்தாததை வெட்டிவிட்டால். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதைகளை உள்ளே போய்ப் பாருங்கள். நாயகன் பெரும்பாலும் ஞானி இல்லை. ஞானம் உள்ளவர் ஓரத்தில் நிற்பார், சொல்வார், யாரும் கேட்கமாட்டார்கள்.

கில்கமெஷிடம் சிதூரி சொல்லிவிட்டாள். கடலோரத்தில் மதுச்சாலை நடத்தும் பெண். பழைய பாபிலோனிய வடிவத்தில் அவள் பேச்சு இருக்கிறது: தேடும் உயிர் உனக்குக் கிடைக்காது, வயிறு நிறையச் சாப்பிடு, உன் கையைப் பிடிக்கும் குழந்தையைப் பார், மனைவியை மகிழ்வி, மனிதனுக்கு வாய்த்தது இதுதான். முழு விடையும் அங்கேயே இருக்கிறது. கேட்காமல் கடலைக் கடந்து போகிறான்.

திருதராட்டிரனிடம் விதுரன் சொல்லாதது என்ன? சபையில் பாஞ்சாலியை இழுத்து வந்தபோது பீஷ்மரும் துரோணரும் வாயடைத்துக் கிடக்க, கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் எழுந்து இது தர்மமில்லை என்றான். எத்தனை பேருக்கு அவன் பெயர் நினைவிருக்கிறது? கம்பனில் கும்பகருணன் தூக்கம் கலைந்து வந்து அண்ணனுக்கு உள்ளதைச் சொல்கிறான். அவன் கேட்கவில்லை. களத்தில் விபீடணன் வந்து அழைத்தபோது, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அறிந்தவன், அறிந்தும் சாகப் போகிறவன். இராமன் அம்பைவிட அவன் பேச்சு என்னை அதிகம் அசைத்திருக்கிறது.

ஆகவே தொன்மத்தில் ஞானம் உண்டு என்பதில் நான் நெடுவழி பக்கம். அது நாயகனிடம் இருக்கிறது என்பதில் இல்லை. நாயக வழிபாடு அந்த ஓரத்துக் குரல்களை மூடிவிடுகிறது.

நெடுவழி

பூங்குழை, இது நல்ல அடி. ஆனால் யோசித்துப் பாருங்கள், சிதூரி சொன்னதை அவன் அங்கேயே கேட்டுத் திரும்பியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு அறிவுரை. அறிவுரைக்கு உலகத்தில் பஞ்சமா? கேட்காமல் போனான், தோற்றான், கடலடியில் பறித்த இளமைச் செடியையும் குளத்தில் குளிக்கும்போது பாம்பிடம் பறிகொடுத்து உட்கார்ந்து அழுதான். அதற்குப் பிறகுதான் சிதூரியின் பேச்சுக்குக் கனம் வருகிறது. அறிவுரையை ஒருவன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொள்வதற்குத்தான் நாயகன் தேவை.

தருமனைப் பாருங்கள். பொய்யே பேசாதவன் என்பதால் அவன் தேர் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் ஓடியது என்கிறது பாரதம். துரோணரை வீழ்த்த, அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை வாய்க்குள் முணுமுணுத்தான். அந்தக் கணமே தேர் தரையைத் தொட்டது. போரில் வென்றான். ஆனால் தேர் மண்ணில் ஓடியது. "பாதி உண்மையும் பொய்தான்" என்ற வாக்கியம் அந்த நான்கு விரற்கடைக்கு ஈடாகுமா?

உரைகல்

இதே பாரதத்திலிருந்து நான் ஒன்று கேட்கிறேன். ஏகலைவன் கட்டைவிரல்.

துரோணர் கேட்டார், அவன் அறுத்துக் கொடுத்தான். எத்தனையோ தலைமுறை அதைக் குருபக்தியின் உச்சம் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறது. இன்று அதே காட்சியை வாசிப்பவர்களில் பலர் பார்ப்பது, பிறப்பைக் காரணம் காட்டி ஒருவனின் திறமையை வேரோடு வெட்டிய அநீதியை. கதை மாறவில்லை. விரல் அதே விரல். மாறியது எது? நம் நீதியுணர்வு. அது எங்கிருந்து வந்தது? சமத்துவத்தைப் பற்றிய வாதங்களிலிருந்து, போராட்டங்களிலிருந்து, சட்டங்களிலிருந்து. அதாவது கதைக்கு வெளியிலிருந்து.

தீர்ப்பு சொல்லும் தராசு வெளியில் இருக்கிறது என்றால், கதை ஞானத்தின் ஊற்று என்று எப்படிச் சொல்வீர்கள்? நீங்கள் ஏற்கெனவே நியாயம் தெரிந்தவராக இருந்தால் கதையில் நியாயம் கிடைக்கும். தெரியாதவர் அதே கதையில் அடிமைத்தனத்தைக் கற்றுக்கொண்டு போவார். கற்றுக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். இது எனக்கு வெறும் வாதமில்லை. "ஏகலைவனைப் பார், எப்படிப் பணிந்தான்" என்ற பேச்சைக் கேட்டு வாயைமூடிக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செனோஃபனீஸ் என்ற கிரேக்கர் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டார்: திருட்டு, பிறன்மனை நாடல், வஞ்சகம் என மனிதர்களிடம் பழிக்கப்படுவதை எல்லாம் கவிஞர்கள் ஹோமரும் ஹீசியடும் தெய்வங்கள்மேல் ஏற்றிவிட்டார்களே என்று. அவருக்கும் தராசு வெளியில்தான் இருந்தது.

பூங்குழை

ஏகலைவனைக் கொண்டுவந்ததற்கு நன்றி. நீங்கள் சொன்ன வலி உண்மை, அதைக் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் மூலக்கதையைத் திறந்து பாருங்கள். துரோணர் ஏன் கேட்டார் என்பதை வியாசர் மறைக்கவில்லை. உன்னைவிடச் சிறந்த வில்லாளி யாரும் இருக்கமாட்டான் என்று வாக்குக் கொடுத்தீர்களே என அர்ச்சுனன் ஆசிரியரிடம் போய்க் குறைப்பட்டுக்கொள்கிறான். அதன்பிறகே துரோணர் ஏகலைவனைத் தேடிப் போகிறார். விரல் போனபின் ஏகலைவன் அம்பு விட்டுப் பார்க்கிறான், முன்போல் வேகமில்லை. அப்போது அர்ச்சுனனின் மனக்காய்ச்சல் தணிந்தது என்று எழுதியிருக்கிறது. பொறாமை, பாரபட்சம், நிம்மதி, மூன்றும் பதிவாகி இருக்கின்றன. குருபக்தி என்று மெழுகியவர்கள் பின்னால் எடுத்துச் சொன்னவர்கள்.

இன்றைய தராசு வெளியிலிருந்து வந்தது என்கிறீர்கள். சரி, வைத்துக்கொள்வோம். அந்தத் தராசில் வைக்க அறுந்த விரலை இத்தனை நூற்றாண்டு பத்திரமாக வைத்திருந்தது யார்? அந்தக் காலத்து அறநூல்களா? கதைதான்.

தனிச்சுடர்

பேச்சைக் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். பெரிய நூல்கள் எதுவும் எனக்குத் தெரியாது.

அப்பா இறந்தபிறகு ஒரே கனவு அடிக்கடி வந்தது. அவர் வாசல் பக்கம் நின்றுகொண்டு, "கதவைப் பூட்டினாயா?" என்று கேட்பார். உயிரோடு இருந்தபோது தினமும் கேட்பதுதான். கனவில் நான் ஒவ்வொரு முறையும் "பூட்டிவிட்டேன்" என்று பொய் சொல்வேன். அவர் போன நாளிலிருந்து அவருடைய கணக்கு வழக்கு, தம்பியோடு பேசவேண்டிய பேச்சு எதையும் நான் தொடவே இல்லை என்பது அந்தப் பொய்யில்தான் எனக்கு உறைத்தது. பிறகு தம்பியைக் கூப்பிட்டுப் பேசினேன்.

இது ஞானமா இல்லையா தெரியாது. உரைகல் அவர்கள் என்ன சொல்வார் என்று கேட்கத் தோன்றியது.

உரைகல்

தனிச்சுடர், மன்னிப்பெல்லாம் எதற்கு. பேசியதற்கு நன்றி. தம்பியோடு பேசியது நல்ல காரியம்.

நான் நினைப்பதைச் சொல்கிறேன். உங்கள் கனவு உங்கள் அப்பாவைப் பற்றியோ உலகத்தைப் பற்றியோ எந்தச் செய்தியும் கொண்டுவரவில்லை. உங்களைப் பற்றிக் கொண்டுவந்தது. பகலில் தள்ளிப்போட்டதை இரவில் மனம் தானே எடுத்துப்போட்டது. அந்த அளவில் கனவுக்கு ஒரு பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கனவு சொன்னது என்பதற்காகப் போர் தொடுப்பதையும், சொத்தை விற்பதையும், ஒருவர்மேல் பழி போடுவதையும்தான் மறுக்கிறேன். நீங்கள் விழித்தபிறகு யோசித்தீர்கள். அந்த யோசனைக்குத்தான் என் மரியாதை.

அடுக்கு

தனிச்சுடர் சொன்னதோடு சேர்த்து ஒன்று. திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவுகளுக்கு, குறிப்பாகப் போர், வன்முறை, விபத்து கண்டவர்களுக்கு, ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. கனவை விழித்திருக்கும்போது எழுதச் சொல்வார்கள். பிறகு அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதச் சொல்வார்கள்: முடிவை, இடத்தை, யார் வருகிறார்கள் என்பதை. மாற்றிய கதையைப் பகலில் சில நிமிடங்கள் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கவேண்டும், நாள்தோறும். பலருக்குக் கொடுங்கனவு குறைவதைச் சோதனை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

அதாவது கதை கனவுக்குள் போய் வேலை செய்கிறது. மனம் கதையின் மொழியில்தான் இயங்குகிறது என்று நெடுவழி சொன்னால், அதில் உடல்சார்ந்த உண்மையும் கொஞ்சம் இருக்கிறது.

உரைகல்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே குணம் எப்படி வருகிறது? கனவுக்குக் கீழ்ப்படிந்தா? அதன் முடிவை ஏற்க மறுத்து, விழித்த நிலையில் திருத்தி எழுதியல்லவா?

பூங்குழை

சிலப்பதிகாரத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் மூன்று கனவுகள் வருகின்றன. கண்ணகி கண்டது, கோவலன் கண்டது, பாண்டிமாதேவி கண்டது. கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள்: ஒரு பெரிய ஊருக்குப் போனோம், ஊரார் என்மேல் வீண்பழி சொன்னார்கள், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டு அரசன்முன் நான் வழக்குரைத்தேன், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது. தேவந்தி, குளத்தில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு கூடலாம் என்கிறாள். அது பெருமையாகாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள் கண்ணகி. கனவைக் கண்டவள், அதைக் காட்டிப் பயமுறுத்திப் பரிகாரம் செய்யச் சொன்னால் மறுக்கிறாள். கனவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கவேண்டும் என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை.

உரைகல்

அந்த மூன்று கனவும் பலித்தன. ஒன்றாவது யாரையாவது காப்பாற்றியதா? கண்ணகி கனவு கண்டும் கோவலன் வந்து நின்றதும் சிலம்பைத் தந்து மதுரைக்குப் புறப்பட்டாள். கோவலன் தன் கனவை மாடலன் என்ற மறையவனிடம் சொன்னதோடு சரி. செங்கோலும் வெண்குடையும் சாய்ந்து விழுவதாக, பகலில் விண்மீன் விழுவதாகக் கனவு கண்ட தேவி அரசனிடம் போய்ச் சொன்ன வேளையிலேயே கண்ணகி வாயிலுக்கு வந்துவிட்டாள். காப்பாற்றாத அறிவை ஞானம் என்று எப்படிச் சொல்வது?

உண்மை அங்கே எதனால் வெளிவந்தது என்று பாருங்கள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் கண்ணகி. எம்முடையது முத்து என்றான் அரசன். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான். அவள் உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. பரல் பேசியது, கனவு பேசவில்லை.

நெடுவழி

உரைகல், அந்த இடத்தைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

அதே அரசன்தான் கோவலன் விஷயத்தில் பொற்கொல்லன் பேச்சைக் கேட்டதும், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்றவன். தேவியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் இருந்தான். அப்போது பரலைப் பற்றிக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. சான்று கேட்கும் குணம் அவனிடம் எப்போதும் இருந்திருந்தால் அன்றே கேட்டிருப்பானே. முன்பு கேட்காதவன் இப்போது கேட்கிறான், கண்ணால் கண்டதும் நானா அரசன், நானே கள்வன் என்று விழுந்து உயிரை விடுகிறான். நடுவில் நடந்தது என்ன? தேவி கனவைச் சொன்னாள். தலைவிரி கோலமாக ஒரு பெண் ஒற்றைச் சிலம்போடு வாயிலில் வந்து நின்றாள். இளங்கோ வழக்குரை காதையைத் தேவியின் கனவோடு ஏன் தொடங்கவேண்டும்? மாணிக்கம் எப்போதும் உள்ளேதான் இருந்தது. அதைப் பார்க்கும் மனநிலைக்கு அவனைக் கொண்டுவந்தது கனவும் அந்தக் கோலமும் என்றே நான் வாசிக்கிறேன். சான்றை ஏற்கும் மனம் சான்றினால் மட்டும் உண்டாவதில்லை.

பூங்குழை

இதில் நான் நெடுவழியோடு முக்கால் பங்கு ஒத்துப்போகிறேன். ஆனால் கனவு கண்டதும் தேவி, நியாயம் கேட்டதும் கண்ணகி. நாயகர்கள் என்று பார்த்தால் ஆண்கள் இருவருமே அந்த இடத்தில் இல்லை. ஒருவன் வெட்டுண்டு கிடக்கிறான், மற்றவன் அரியணையில் தவறாக உட்கார்ந்திருக்கிறான்.

உரைகல்

நெடுவழி ஐயா, கனவைக் கேட்டு அரசன் மனம் கலங்கினான், அதனால்தான் விசாரித்தான் என்று பாட்டில் எங்கும் இல்லை. அது நீங்கள் சேர்ப்பது. இரண்டு சமயத்துக்கும் நடுவில் எனக்குத் தெரியும் வேறுபாடு வேறு. கண்ணகி ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சபையில் சொன்னாள்: என் சிலம்புக்குள் இருப்பது இது, உடைத்துப் பார். அதைச் சொல்ல அவளுக்கு அங்கே நேரம் கிடைத்தது, காவலன் தடுக்கவில்லை, அரசன் செவிகொடுத்தான். கோவலனும் அதே பதிலைச் சொல்லியிருக்க முடியும். சிலம்பு அவன் மனைவியுடையது. உள்ளே என்ன பரல் என்று அவனிடம் யாருமே கேட்கவில்லை.